உலுரு பார்க்க எங்கே தங்குவது: யூலாராவா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸா, வழியில் ஒரு பண்ணையா?

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் நிற்கும் உலுரு என்ற பெரும்பாறைக்கு ஆறு ஆண்டுகளில் மூன்று முறை போய்வந்தோம். மூன்று தடவையும் தங்கிய இடம் வேறு. 2018 ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அறை எடுத்து, சுற்றுலாப் பேருந்தில் ஒரே நாளில் போய்த் திரும்பினோம். 2023 செப்டம்பரில் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது பாறைக்குப் பக்கத்து விடுதியூரான யூலாராவிலேயே மூன்று இரவு. 2024 ஜூனில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஆலிஸில் கார் எடுத்து, கிங்ஸ் கேன்யன், கர்ட்டின் ஸ்பிரிங்ஸ் என்று வழியில் தங்கித் தங்கிப் போனோம். மெல்பனில் தெரிந்தவர்கள் யாராவது உலுருவுக்குக் கிளம்பினால் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யூலாராவுல அவ்வளவு காசு குடுத்துத் தங்கணுமா?"

தங்கணும். குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. ஆனால் எல்லாருக்கும் இதே பதில் பொருந்தாது. எங்கள் மூன்று பயணங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு எது சரி என்பது விளங்கும்.

முதலில் தூரம். சிட்னியிலேயே இருபது வருடம் இருப்பவர்கள்கூட இதில் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். "ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துல உலுரு" என்று சொல்லிச் சொல்லி, ஏதோ பக்கத்து ஊர் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஆலிஸிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீட்டர் போனால் எர்ல்டண்டா. அங்கே மேற்கே திரும்பி லாசட்டர் நெடுஞ்சாலையில் இன்னும் 245 கிலோமீட்டர் போனால் யூலாரா. அங்கிருந்து பாறைக்கு இன்னொரு 20. ஏறக்குறைய சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். நடுவில் விழுப்புரமும் திருச்சியும் கிடையாது. பெட்ரோல் போட்டுக் காபி குடிக்க ஓரிரண்டு சாலையோர நிறுத்தங்கள், அவ்வளவுதான்.

2018-இல் எங்களுக்கு இது காகிதத்தில் தெரிந்திருந்தது, உடம்பில் தெரிந்திருக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பேருந்து. குளிர் ஜூலை, வெளியே உறைபனி. திரும்பி வந்து படுக்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே கழிந்தது. பாறையின் அடியில் முட்டிஜூலு நீர்நிலை வரை நடந்தோம். பண்பாட்டு மையத்தில் அரை மணி நேரம் தந்தார்கள். மாலையில் கார் நிறுத்துமிடத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தோம், அங்கேயே சாப்பாடு, பிறகு இருட்டில் ஐந்து மணி நேரம். பாறைக் குவிமாடங்கள் கூட்டமாக நிற்கும் கட்டா ஜூட்டாவைத் தொலைவில் நீலமாகப் பார்த்ததோடு சரி. சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. மறுநாள் கேட்டபோது அவளுக்குப் பாறை நினைவில்லை, பேருந்தில் கொடுத்த ஆப்பிள்தான் நினைவிருந்தது.

அந்தப் பயணத்தில் இழந்தது என்ன என்பது 2023-இல்தான் புரிந்தது. உலுரு ஒரு முறை பார்த்துவிட்டு வரும் பொருள் இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அது ஒரு பெரிய மங்கல் செம்மண் மேடு. புகைப்படங்களில் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். காலையில் முதல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அதன் மடிப்பு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. மாலையில் ஆரஞ்சு, செங்கல், கருஞ்சிவப்பு, பிறகு திடீரென்று எல்லா நிறமும் வடிந்து சாம்பல் ஊதா. அந்த மாற்றம் அரை மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது. ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது பாறைக்குப் பக்கத்தில் விடிகிற காலைகளையும் இருட்டுகிற மாலைகளையும்தான். எத்தனை கிடைக்கின்றன என்பதை வைத்துத்தான் தங்குமிடத்தின் விலையை அளக்க வேண்டும். ஆலிஸ் பேருந்தில் ஒரு மாலை கிடைத்தது, காலை ஒன்றும் இல்லை. யூலாராவில் மூன்று இரவுக்கு மூன்று காலை, மூன்று மாலை.

ஆனாலும் ஆலிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மாட்டேன். அதை உலுருவின் வாசல்படியாக மட்டும் நினைத்துப் போனது எங்கள் தவறு. அங்குள்ள பூர்வகுடிகளான அரெர்ன்டே மக்கள் ம்பார்ன்ட்வே என்று அழைக்கும் ஊர் அது. அடிலெய்டிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுத்து 1872-இல் ஆஸ்திரேலியாவை உலகத்தோடு இணைத்தார்களே, அதன் நடுவழி நிலையம் ஒன்று இன்றும் அங்கே கல்கட்டடமாக நிற்கிறது. ஊரின் மேற்கே மெக்டானல் மலைத்தொடர்: சிம்ப்சன்ஸ் கேப், ஸ்டான்ட்லி கேஸம், எல்லரி க்ரீக், ஆர்மிஸ்டன் கார்ஜ். மலையை ஆறு அறுத்துக்கொண்டு போன இடுக்குகள், சிலவற்றில் ஆண்டு முழுதும் குளிர்ந்த தண்ணீர். இவற்றுக்கே மூன்று நாள் வேண்டும். அங்கே தங்குவதென்றால் அந்த ஊருக்காகவும் அந்த மலைகளுக்காகவும் தங்குங்கள். உலுருவுக்காக ஆலிஸில் தங்காதீர்கள்.

இனி யூலாரா.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பயணிகள் தங்கும் மோட்டல்களும் கூடாரத் திடல்களும் பாறையின் காலடியிலேயே இருந்தன. மண் தேய்ந்தது, செடிகள் அழிந்தன, அங்கே வாழ்ந்த மக்களின் புனித இடங்களுக்குப் பக்கத்தில் குப்பையும் கூட்டமும் சேர்ந்தன. எல்லாவற்றையும் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே கொண்டுபோவதென்று முடிவாகி, 1984-இல் யூலாரா திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் பிலிப் காக்ஸ். வெயிலைத் தடுக்கப் பாய்மரம்போல் விரித்த வெள்ளைத் துணிக் கூரைகள்தான் அதன் அடையாளம். எந்தக் கட்டடமும் மணல்மேடுகளுக்கு மேலே தலை நீட்டாது. பூங்காவுக்குள் பயணிகள் தாமாக இரவு தங்க முடியாது என்பதால், பாறைக்கு மிக நெருக்கமாகத் தலைசாய்க்கக் கிடைக்கும் இடம் இதுதான். விலை ஏறியிருப்பதற்கு ஒரு காரணம் அது. இன்னொரு காரணம், அங்கே வைக்கும் ஒவ்வொரு தக்காளியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் வந்தது.

யூலாரா ஒரே விடுதி என்று நினைத்துக்கொண்டு, முதலில் கண்ணில் படும் விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். அது ஒரு சிற்றூர். நடுவில் மளிகைக்கடை, தபால் நிலையம், உணவகங்கள் உள்ள சதுக்கம். அதைச் சுற்றி வட்டச் சாலையில் பல தரத்தில் தங்குமிடங்கள். எல்லாவற்றையும் சுற்றி இலவசப் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 'சேல்ஸ் இன் தி டெசர்ட்' நட்சத்திர விடுதி. நீச்சல்குளமும் பாய்மர நிழலும் அழகுதான், ஆனால் பகல் முழுக்க வெளியே சுற்றுகிறவர்களுக்கு அந்த அழகு எதற்கு? 'டெசர்ட் கார்டன்ஸ்' விடுதியின் சில அறைகளிலிருந்து தொலைவில் பாறை தெரியும். 'லாஸ்ட் கேமல்' சதுக்கத்தை ஒட்டிய சின்ன அறைகள், இருவர் மட்டும் போனால் போதும். அவுட்பேக் ஹோட்டலை ஒட்டிய லாட்ஜில் பொதுக் குளியலறையுள்ள எளிய அறைகளும் படுக்கைகளும் உண்டு. எல்லாவற்றையும்விடச் சிக்கனம் கூடாரத் திடல்; சொந்தக் கூடாரம் இல்லாதவர்களுக்கு அங்கே சிறிய கேபின்களும் இருக்கின்றன. இந்த வரிசைக்கு வெளியே, தனி உலகமாக, மணல்மேட்டின்மேல் பாறையைப் பார்த்தபடி நிற்கும் 'லாஞ்சிட்யூட் 131'-இன் சொகுசுக் கூடாரங்கள். 2003-இல் காட்டுத்தீயில் எரிந்து மறுபடி எழுந்தவை. ஓர் இரவுக்கான கட்டணத்தில் எங்கள் முழுப் பயணமே முடிந்துவிடும் என்பதால் அதைப் பற்றி நான் பேச ஒன்றுமில்லை.

நாங்கள் எடுத்தது 'ஈமு வாக்' குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெற்றோரோடு போகிறவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். காரணம் சமையலறை. அம்மா சைவம். பாலைவனத்தின் நடுவில் மூன்று நாள் சாலடும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று அறுபத்தெட்டு வயதில் யாரும் சந்தோஷமாக இருக்க முடியாது. அரிசி, பருப்பு, ரசப்பொடி, குட்டி குக்கர் எல்லாம் மெல்பனிலிருந்து கொண்டுபோனோம். தயிர், காய்கறி சதுக்கத்துக் கடையில் கிடைத்தன, நகரத்து விலையைவிடக் கூடுதல்தான். விடியலுக்கு முன் எழுந்து போய்ப் பத்து மணிக்குத் திரும்பி வந்தால் சூடாக ரசம் சாதம். மதியம் தூக்கம். நாலு மணிக்கு மறுபடி கிளம்பல். அந்த மத்தியானத் தூக்கத்தை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. பாலைநிலத்தில் பகல் என்பது ஒதுங்கி இருக்க வேண்டிய நேரம். தங்குமிடம் இருபது கிலோமீட்டரில் இருந்தால்தான் அப்படி ஒதுங்க முடியும். ஆலிஸ் பேருந்தில் போனபோது எங்களுக்குக் கிடைத்தது சரியாக அந்த மோசமான நடுப்பகல்தான்.

இரண்டாம் நாள் விடியலுக்கு தலிங்குரு நியாகுன்ஜாகு என்ற பார்வை மேடைக்குப் போனோம். பாறையின் தென்கிழக்கே, உலுருவும் பின்னால் தொலைவில் கட்டா ஜூட்டாவும் சேர்ந்து தெரியும் இடம். அம்மா சால்வைக்குள் சுருண்டு நின்று ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நம்ம யானைமலை மாதிரி இருக்குடி. ஆனா யானைமலைய நான் இப்படி நின்னு பார்த்ததே இல்ல," என்றாள். ஒத்தக்கடை வழியாக வாழ்நாள் முழுதும் பேருந்தில் போய்வந்தவள் அவள்.

பாறையை நெருங்கிப் போகும்போதுதான் அது ஒரே வழவழப்பான கட்டி இல்லை என்பது தெரியும். தரைக்கு மேலே 348 மீட்டர் உயரம். சுற்றி நடந்து வரும் பாதை 10.6 கிலோமீட்டர். மணற்கல் படிவம் படுக்கையாக உருவாகி, பிறகு பூமி அசைவில் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பி நிற்கிறது. நீங்கள் பார்க்கும் நீள வரிகள் எல்லாம் ஒருகாலத்தில் கிடைமட்டமாக இருந்த அடுக்குகள். மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. சிவப்பு வெளியே மட்டும்தான், பாறையிலுள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்த நிறம். குகைகளுக்குள் எட்டிப் பார்த்தால் அதன் சொந்த நிறமான சாம்பல் தெரியும். அம்மாவுக்குச் சுற்றுப் பாதை முழுதும் முடியாது. குனியா நடையும் மாலா நடையும் சமதளம், முட்டிவலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றவை. இரண்டையும் இரண்டு வெவ்வேறு காலைகளில் நிதானமாகப் போனாள். முழுச் சுற்றை நானும் பெரியவனும் மூன்றாம் நாள் நடந்து முடித்தோம், மூன்றரை மணி நேரம்.

சுற்றுப் பாதையில் சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அம்மா ஏன் என்று கேட்டாள். அங்குள்ள பாறையின் ஒவ்வொரு வளைவும் துளையும் அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களுக்கு வேதத்துக்குச் சமம். சிலவற்றை ஆண்கள் மட்டும், சிலவற்றைப் பெண்கள் மட்டும் அறிய வேண்டும். படமாக எங்கேயோ போய் யார் கண்ணிலோ படக் கூடாது. இதைச் சொன்னதும் அவள் மறுபேச்சுப் பேசாமல் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கருவறைக்கு முன் நின்று பழகியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த மக்கள் தங்களை அணங்கு என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிஜன்ஜஜாரா மொழியில் அதற்கு மனிதர் என்று பொருள். உச்சரிப்பில் நம்முடைய ணகரம்தான். சங்கப் பாட்டில் மலையிலும் சுனையிலும் உறைகிற அச்சமூட்டும் ஆற்றலுக்கு நாம் வைத்த பெயரும் அதுவே. ஒலி ஒத்துப்போனது தற்செயல், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஒரு தமிழர் அந்தப் பாறையின் நிழலில் நின்று முதல் முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்காமல் இருக்காது.

1873-இல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் பாறைக்கு அன்றைய தென் ஆஸ்திரேலியத் தலைமைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை வைத்தார். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அணங்கு மக்களிடம் திரும்பிவந்தது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவுக்குக் கொடுத்தார்கள். பாறைமேல் ஏறாதீர்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வேண்டுகோள், 2019-இல் அதே அக்டோபர் 26 அன்று நடைமுறையானது. நாங்கள் 2018-இல் போனபோது அறுபதுகளில் அடித்த இரும்புச் சங்கிலி இன்னும் இருந்தது. காற்று பலமாக இருந்ததால் அன்று வழியை மூடியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த வெள்ளைத் தடம் மட்டும் தழும்புபோல மேலே ஏறிப் போனது. 2023-இல் சங்கிலி இல்லை. தடம் இன்னும் இருக்கிறது. ஏற முடியாத உலுருவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறிய காலத்தில் பலருக்கு அது இரண்டு மணி நேர வேலை. இப்போதுதான் மக்கள் அதைச் சுற்றி நடக்கிறார்கள்.

பண்பாட்டு மையத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். செம்மண் சுவரோடு வளைந்து போகும் அந்தக் கட்டடம் குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணும் லிரு என்ற நச்சுப்பாம்பும் எதிரெதிரே கிடப்பதுபோல் கட்டப்பட்டது. அணங்கு மக்கள் ஜுகுர்ப்பா என்று சொல்வதைக் கனவுக்காலம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சட்டம், கதை, உறவு, நிலத்தைப் பேணும் கடமை எல்லாம் சேர்ந்த ஒன்று என்பது அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் பிடிபடும். யூலாராவின் சதுக்கத்தில் அணங்கு ஓவியர் ஒருவரோடு தரையில் அமர்ந்து புள்ளி ஓவியம் கற்கும் வகுப்பில் என் சின்னவள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தாள். ஆப்பிள் மட்டும் நினைவிருந்த அதே பெண்தான்.

மாலைக் காட்சிகளில் இரண்டு பெரிய விளம்பரத்தோடு இருக்கின்றன. ஒன்று, புரூஸ் மன்ரோவின் ஒளிவயல்: மெல்லிய தண்டுகளின்மேல் 50,000 கண்ணாடிக் குமிழ்கள் இருட்டில் மெல்ல நிறம் மாறுகின்றன. மற்றது, 2023 மே மாதம் தொடங்கிய 'வின்ஜிரி விரு': ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரோன்கள் வானத்தில் மாலா (முயல்போன்ற சிறு கங்காரு வகை) மூதாதையர் கதையை அணங்கு மொழியின் குரலோடு வரைகின்றன. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஒளிவயல் அழகு; எங்கே வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். மாலா கதை அந்த நிலத்துக்கே உரியது. பகலில் மாலா நடையில் எந்தக் குகையைப் பார்த்தோமோ அதற்கு இரவில் உயிர் வந்தது. இரண்டும் வேண்டாம் என்றால் மணல்மேட்டின்மேல் போர்வையோடு ஏறி உட்காருங்கள். பால்வீதி தலைக்கு மேலே கிடக்கும், கட்டணம் கிடையாது.

மூன்றாவது வழி, காரில் சுற்றுவது. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு இரண்டாகப் பிரிகிறது, ஏனென்றால் மூன்று பயணங்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆலிஸிலிருந்து கிளம்பி முதலில் கிங்ஸ் கேன்யன் போனோம். வட்டார்கா தேசியப் பூங்காவில் சிவந்த மணற்கல் சுவர்கள் நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் பள்ளத்தாக்கு. விளிம்பைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடை. தொடக்கத்திலேயே 500 படிகள் மூச்சை வாங்கிவிடும். மேலே போனபின் தேன்கூடுபோல் எழுந்த பாறைக் குவிமாடங்கள், நடுவில் இறங்கினால் பனைபோல் தோன்றும் சைக்கட் செடிகளும் தண்ணீரும் உள்ள ஒரு நிழல் மடு. நடைக்கான அழகை மட்டும் கேட்டால் உலுருவைவிட இதுவே மேல் என்று சொல்வேன். ஆனால் முட்டி தாங்குகிறவர்களுக்கு மட்டும். அம்மா வந்திருந்தால் அடிவாரத்து ஓடைப் பாதையோடு நின்றிருப்பாள். அங்கேயும் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி வளாகம், கொஞ்சம் தள்ளி ஒட்டகம் வளர்க்கும் ஒரு பண்ணையில் கூடாரங்கள் என்று தங்க வழியுண்டு. அங்கிருந்து யூலாராவுக்குத் தார்ச்சாலையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆலிஸிலிருந்து கிங்ஸ் கேன்யனுக்கு மெரீனி சாலை வழியாகக் குறுக்கே வரலாம் என்று வரைபடம் காட்டும். அதில் நெடுந்தூரம் மண்சாலை, அனுமதிச் சீட்டு வேண்டும், சாதாரண வாடகைக் காருக்கு அங்கே காப்பீடு செல்லாது. நாங்கள் எர்ல்டண்டா வழியாகவே போனோம்.

அடுத்து இரண்டு இரவு கர்ட்டின் ஸ்பிரிங்ஸ். யூலாராவுக்குக் கிழக்கே 85 கிலோமீட்டரில், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த மாட்டுப் பண்ணை; சாலையோரத்தில் பெட்ரோல் நிலையம், சாப்பாடு, எளிய அறைகள், கூடாரம் போட இடம். செலவு யூலாராவில் ஆனதில் ஒரு பகுதிதான். எதிரே கானர் மலை மேசைபோல் தட்டையாக நிற்கிறது. முதல் முறை வருகிறவர்கள் அதையே உலுரு என்று நினைத்துக் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்களோடு வந்த நண்பரும் எடுத்தார். பண்ணைப் புல்லிலிருந்து கையால் காகிதம் செய்கிற வேலையைப் பிள்ளைகள் அங்கே பார்த்தார்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மாலையில். கர்ட்டின் ஸ்பிரிங்ஸிலிருந்து பாறைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கும்மிருட்டில் ஓட்ட வேண்டும். வேலியில்லாத சாலை, கங்காரு, மாடு, ஒட்டகம் எது வேண்டுமானாலும் விளக்கு வெளிச்சத்தில் திடீரென்று நிற்கும். அங்குள்ள பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. மோதினால் காப்பீடு கிடையாது. நாங்கள் முதல் நாள் மாலைக் காட்சியைப் பாதியில் விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். கண்ணாடியில் பாறை சிவந்துகொண்டே போனதைப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாம் நாள் விடியலுக்கு வரவும் அதே இருட்டுதான் தடை. ஜூன் மாதம் ஏழரை மணிக்குத்தான் விடிகிறது. அதற்கு முன்னால் கிளம்ப வேண்டுமே. கடைசியில் இரண்டு நாள் தங்கியும் எங்களுக்குக் கிடைத்தவை பகல்கள் மட்டும்தான். சிக்கனம் என்று நினைத்த இடத்தில், எதற்காக வந்தோமோ அதையே விட்டுக்கொடுத்திருந்தோம்.

ஒட்டகம் என்றதும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஒட்டகங்களோடு வந்த ஓட்டுநர்கள்தான் ரயிலுக்கு முன் இந்த நிலத்துக்குச் சாமான் சுமந்தவர்கள். எல்லாரையும் 'ஆப்கான்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். அடிலெய்டிலிருந்து ஆலிஸ் வழியாக ஓடும் ரயிலுக்கு 'கான்' என்ற பெயர் அப்படி வந்தது. லாரி வந்தபின் அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களின் சந்ததிதான் இன்று காட்டில் திரிவது. யூலாராவில் ஒட்டகச் சவாரி போகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டு போகலாம்.

ஆகவே இளையவர்கள், நடக்க முடிந்தவர்கள், ஐந்து நாளாவது கையில் உள்ளவர்கள் காரில் சுற்றலாம், சுற்றவும் வேண்டும். ஆனால் உலுருப் பகுதிக்கு வந்ததும் இரண்டு இரவுக்காவது யூலாராவுக்குள் வந்துவிடுங்கள், கூடாரத் திடலானாலும் சரி. பகலில் ஓட்டுங்கள், சாயங்காலம் எங்கே இருக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பகலைத் திட்டமிடுங்கள். வாடகைக் காருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பும் அங்கே வழக்கம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றோரோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்கள் காரே எடுக்க வேண்டாம். சிட்னி, மெல்பன், பிரிஸ்பேனிலிருந்து யூலாராவின் விமான நிலையத்துக்கே நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பாறைக்கும் கட்டா ஜூட்டாவுக்கும் ஏறி இறங்கிக்கொள்ளும் பேருந்து ஓடுகிறது. ஆலிஸுக்கு மலிவு டிக்கெட் கிடைத்தது என்று அங்கே இறங்கினால், மிச்சம் பிடித்த பணம் பெட்ரோலுக்கும் காருக்கும் போய்விடும்.

கட்டா ஜூட்டாவை விட்டுவிடாதீர்கள். 36 குவிமாடங்கள், உயரத்தில் உலுருவைவிட அதிகம். யூலாராவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். உலுரு மணற்கல் என்றால் இது கூழாங்கற்களைச் சேர்த்துப் பிசைந்ததுபோன்ற கலவைக்கல். காற்றுப் பள்ளத்தாக்கு நடை 7.4 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் உள்ளது. வெப்பம் 36 டிகிரியைத் தொடும் என்று கணித்தால் காலை 11 மணிக்கு முதல் பார்வைமுனைக்கு அப்பால் மூடிவிடுவார்கள். வல்பா பள்ளத்தாக்கு சுலபம், போய்வர 2.6 கிலோமீட்டர்.

எப்போது போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. டிசம்பர், ஜனவரி விடுமுறையில் இந்தியாவிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது டிகிரியில் நிறுத்தாதீர்கள். பாதைகள் மூடப்பட்டு, அறைக்குள் குளிர்சாதனத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஜூன், ஜூலையில் இரவு உறைநிலைக்கு இறங்கும். கம்பளித் தொப்பி, கையுறை வேண்டும். நாங்கள் போன செப்டம்பரில் ஈக்கள் தொடங்கிவிட்டன. கடிக்காது, ஆனால் கண்ணிலும் மூக்கிலும் வந்து உட்காரும். தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் வலை அங்கே எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அம்மா முதல் நாள் வேண்டாம் என்றாள், இரண்டாம் நாள் கழற்றவே இல்லை. பூங்கா நுழைவுச் சீட்டு நாங்கள் வாங்கியபோது மூன்று நாளுக்கு ஒருவருக்கு 38 டாலர். பதினெட்டு வயதுக்குக் கீழ் இலவசம். மூன்று நாளுக்குச் செல்லும் சீட்டை ஒரே நாளில் தீர்த்துவிடாமல் இருப்பதற்கும் யூலாராவில் தங்குவதுதான் வழி.

பாலைவனம் என்றதும் வெறும் மணலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே சாலையின் இருபக்கமும் பாலை ஓக் மரங்கள் நிற்கும். இளம் மரம் ஒல்லியாக, கிளையே விரிக்காமல், இறகுபோல் நேராக நிற்கும். வேர் ஆழத்தில் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் கிளை பரப்பி நிழல் தரும் மரமாகிறது. கட்டா ஜூட்டா போகும் வழியில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்பதைக் காட்டினேன். அம்மா பேருந்தில் ஜன்னலோரம் மாறி உட்கார்ந்துகொண்டு, எது தண்ணியத் தொட்டது, எது இன்னும் தொடலை என்று ஊர் வரும் வரை எண்ணிக்கொண்டே வந்தாள்.